இரண்டாம் ஊர் யாரையும் நம்பாத கதை

பதினாறு வருடம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பியவளுக்கு ‘ஃபாரம் அக்கா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாற்பத்தொன்றாம் வயதில் சமூக அறிவியல் முதுகலையில் சேர்ந்தாள். கதவைத் திறக்காமலே “வேற வீடு பாரும்மா” என்றவர்களுக்கெல்லாம் பட்டத்தால் பதில் சொல்ல வேண்டுமென்று ஒரு வீம்பு.

ஒப்பீட்டு ஆய்வு முறைகள் நடத்திய பேராசிரியர் ஒரே புத்தகத்தால் பேர் வாங்கியவர். இரண்டு ஊர்கள், மக்கள்தொகை, தொழில், மழையளவு எல்லாம் ஒன்றுதான். ஆனால் முதல் ஊரார் அண்டை வீட்டாரை நம்புகிறார்கள், இரண்டாம் ஊரார் நம்புவதில்லை. ஏன்? அதற்கு நானூறு பக்கம்.

மூன்றாம் வாரம் அந்தப் புத்தகத்தின் அட்டவணையைத் திரையில் போட்டார். அக்காவுக்குப் பகீரென்றது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கணக்கெடுப்புக்காக இரண்டாம் ஊருக்குப் போனவள் அவளேதான். ஐந்து நாள் அடைமழை. மேற்பார்வையாளர் போனில் விரட்ட, விடுதி அறையில் உட்கார்ந்தே அந்த ஊரின் நூற்றெண்பது படிவங்களையும் நிரப்பினாள். வீட்டிலிருந்து கிளம்பிய அன்றுதான் பக்கத்து வீட்டுக்காரியோடு துணிக்கொடிச் சண்டை வேறு. ‘அண்டை வீட்டாரை நம்புகிறீர்களா?’ என்ற கேள்வி வந்தபோதெல்லாம் கை தானாக ‘இல்லவே இல்லை’ கட்டத்துக்குப் போனது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சுவாரசியமான அனுபவம்தாம்மா. ஆனா ஒரே ஒரு ஆளை வச்சுப் பொதுவா ஒரு முடிவுக்கு வரக்கூடாது.”

“அந்த ஊர்ல பதில் சொன்னதே நான் ஒருத்திதான் சார்.”

சிரித்தவர்களுக்கு அன்று வருகைப்பதிவு கிடைக்கவில்லை.

விடுமுறையில் இரண்டு ஊருக்கும் போய், இந்த முறை நிஜமாகவே கதவைத் தட்டினாள். பஸ் மெக்கானிக்கான கணவர் முணுமுணுத்தபடி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். இரண்டு ஊராரும் ஒன்றுபோலவே நம்பினார்கள், ஒன்றுபோலவே சந்தேகப்பட்டார்கள். அதையே ஆய்வேடாகக் கொடுத்தாள். ‘மாதிரி எண்ணிக்கை போதாது’ என்று ஓரத்தில் கிறுக்கி, தேர்ச்சிக்கு மேல் ஒரே ஒரு மதிப்பெண் போட்டார் பேராசிரியர்.

மறு வருடம் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தது. அடிக்குறிப்பில் அவள் பெயர்: ‘என் நூலின் பரிந்துரைகளுக்குப் பிறகு இரண்டாம் ஊரில் நம்பிக்கை வேகமாக வளர்ந்திருப்பதை இவரது ஆய்வு உறுதிசெய்கிறது.’

“பேரு வந்திருக்குல்ல, விடு” என்றார் கணவர்.

அவள் விடவில்லை. பதிப்பாளருக்கு மூன்று கடிதம் எழுதினாள். கிணற்றில் போட்ட கல். இப்போது அவள் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். பாடத்திட்டத்தில் இருப்பது அதே புத்தகம். நானூறு பக்கத்தையும் நடத்துகிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு.