நாத்தனார் பேரில் ஒரு கார்

இடுப்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் பஸ்ஸில் போகாதீர்கள் என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும், அப்படியென்றால் வேலையை விட வேண்டியதுதான் என்று ஆளாளுக்கு முடிவு கட்டிவிட்டார்கள். காப்பி ஆறுவதற்குள் என் உத்தியோகத்தை முடித்து, மாலை போட்டு அனுப்பியே விட்டார்கள்.

அது சும்மா வந்த வேலையா? வள்ளியூர் தாண்டி ஒரு நூல் மில்லில் பரிசோதனைக் கூடம் என் பொறுப்பு. எந்த நூல் எந்த இழுப்புக்கு அறும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. எங்கள் வீடோ பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், கேரளம் முடிகிற இடத்தில். காலையில் களியக்காவிளையில் ஒரு பஸ், நாகர்கோவிலில் இன்னொரு பஸ். போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. மார்த்தாண்டத்தில் ஊர்ந்து, தக்கலையில் நின்று, வழியில் உள்ள குழியெல்லாம் என் முதுகெலும்பில் வந்து இறங்கும். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன், வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே ஒரு கார் வேண்டும். புதிது வாங்க வசதி கிடையாது, பழையது போதும். உட்கார்ந்தால் இடுப்பு வலிக்காத சீட் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஆட்டம் போடாத அளவுக்கு வண்டி கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். இந்த இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊர் பேசியது. மைலேஜ் எவ்வளவு, டிக்கியில் எத்தனை பெட்டி கொள்ளும், திரும்ப விற்றால் என்ன கிடைக்கும், வெள்ளை நிறம் சீக்கிரம் அழுக்காகாதா, ஏழு பேர் உட்காருகிற வண்டியாக வாங்கினால் கல்யாணத்துக்கு ஆகுமே. தினமும் நான் ஒருத்தி போகப் போகிறேன். கூட வரும் அந்த ஆறு பேர் யாராம்?

என் கணவர் பாறசாலையில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் இருக்கிறார். நடந்தே போய்விடுவார். நல்ல மனிதர், ஆனால் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளில் ஏறுவதற்கே இரண்டு முறை யோசிப்பார். நானோ கல்யாணத்துக்கு முன்பே லைசன்ஸ் எடுத்தவள். இது எங்கள் இருவருக்கும் தெரியும். கார் விற்கிறவர்களுக்குத்தான் எப்படியும் தெரிவதில்லை.

உதியன்குளங்கரையில் சாலையோரம் ஷெட் போட்டுப் பழைய கார் விற்கும் ஒருவரிடம் முதலில் போனோம். அவர் என்னைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சாவியை நேராக என் கணவர் கையில் வைத்து, "சாரே, ஒந்நு ஓடிச்சு நோக்கு" என்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார். இவராவது, நான் ஓட்டுகிறவன் இல்லை என்று சொல்லலாமே? சொல்லமாட்டார். வெட்கம். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் திருப்பி, ஹாரனை மெதுவாக ஒரு முறை அடித்துவிட்டு, "கொள்ளாம்" என்றார், நன்றாக இருக்கிறதாம். நான் சாவியைக் கேட்டபோது, மேடம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள், கால் நீட்ட நல்ல இடம் உண்டு என்று அந்த ஆள் கதவைத் திறந்துவிட்டார். பின்னால் கால் நீட்டிக்கொண்டு வள்ளியூர் வரை எப்படி ஓட்டுவது என்று அவருடைய மலையாளத்திலேயே கேட்டேன். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

அப்புறம் பொழியூர். மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் ஒருவர் வீட்டில், கடலைப் பார்த்து நிறுத்தியிருந்த கார். சீட் அருமை, ஆசையாகக்கூட இருந்தது. சந்தேகத்தில் காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, அதன் வழியே முற்றத்து மணல் தெரிந்தது. உப்புக்காற்று தகரத்தைத் தின்றிருந்தது. அந்த மனிதர் ஒளிக்கவில்லை. "கடலு வீட்டையே எடுக்குது, வண்டிய விடுமா?" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு வெறுங்கையோடு போகவேண்டாம் என்று ஒரு பொதி மீன் கொடுத்தார். கார் பார்க்கப் போய் மீனோடு வந்தோம்.

அடுத்தது வெள்ளறடை. மலைப்பக்கம், ரப்பர் தோட்டக்காரர் ஒருவருடையது. தகரம் திடமாக இருந்தது, இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வருடக்கணக்காகப் பின்சீட்டை மடக்கி ரப்பர் ஷீட் ஏற்றியிருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் அந்தப் புளித்த நாற்றம் முகத்தில் அறைந்தது. நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன், நாற்றம் போகவில்லை. அந்த நாற்றத்தோடு போனால் மில் காவலாளியே என்னை உள்ளே விடமாட்டார். திரும்பி வரும் வழியில் என் கணவர் சொன்னார், எல்லா வண்டியும் நல்ல வண்டிதான், உனக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை என்று. ஆட்டோவில் டிரைவர் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் வண்டி கிடைத்தது மார்த்தாண்டத்தில். பார்த்துச் சொன்னவர் என் நாத்தனாரின் கணவர். நாத்தனார் என் கணவரின் ஒரே தங்கை, என்னை மைனி என்பாள். களியக்காவிளையில், எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம், ஆனால் அது தமிழ்நாடு. அவளுடைய கணவருக்கு அங்கே பெயின்ட் கடை. முறைக்கு எனக்கு அண்ணன், அப்படித்தான் கூப்பிடுவேன்.

விற்றவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவருக்கும் இடுப்பு வலி. டிரைவர் சீட்டைப் பிரித்துத் தென்னை நார் அடைத்து, முதுகுக்கு மேடு வைத்துத் தைத்திருந்தார். நான் கேட்காமலேயே சாவியை என் கையில் கொடுத்தார். தக்கலை வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். இறங்கும்போது எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரவில்லை. நடுச்சாலையில் நின்று அழுதிருப்பேன், மார்த்தாண்டத்தில் அதற்கு இடம் கிடையாது.

பணம் என்னுடையது, மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற கடன். சரி, பேர் யாருடையது? அங்கேதான் எங்கள் எல்லைக்காரர்களின் புத்தி வேலை செய்தது. வண்டி தமிழ்நாட்டு நம்பர். நான் இருப்பது கேரளத்தில். என் பேரில் வாங்கினால் நம்பர் மாற்ற வேண்டும், புதிதாக வரி கட்ட வேண்டும், அப்புறம் கேரள நம்பரோடு தினமும் வள்ளியூர் போனால் வழியில் நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள். இதெல்லாம் எதற்கு, உன் நாத்தனார் பேரில் எழுதி எங்கள் முற்றத்தில் போட்டுக்கொள், காலையில் வந்து எடுத்துக்கொண்டு அப்படியே கிழக்கே போய்விடு என்றார் அண்ணன். என் கணவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. இங்கே பாதிக் குடும்பங்களில் இப்படித்தான், ரேஷனுக்கு ஒரு பக்கம், வண்டிக்கு ஒரு பக்கம். எனக்கும் அது புத்திசாலித்தனமாகவே பட்டது. என்னைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் சொர்க்கம். அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் ஏறி உட்கார்ந்தால் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது, சாய்மானம் படுத்திருந்தது. அண்ணன் ஆறடி உயரம். முந்தின சாயங்காலம் பெயின்ட் டப்பா எடுத்து வரப் போயிருக்கிறார். பிறகு அது தினசரி ஆயிற்று. காலையில் அந்தச் சீட்டை நான் ஏறி ஏறி இழுப்பேன், முதுகு மேட்டைத் தட்டிச் சரிபண்ணுவேன், கண்ணாடியைத் திருப்புவேன். பெட்ரோல் முள் கீழே கிடக்கும். ஒரு நாள் பின்சீட்டில் பச்சைப் பெயின்ட். கேட்டால், "நம்ம வண்டிதானே தங்கச்சி" என்பார். கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் வண்டி நிற்பது அவர் முற்றத்தில். விசித்திரம் என்னவென்றால், வெளியே மட்டும் வண்டி எப்போதும் பளபளவென்று துடைத்திருக்கும். அதற்காக அவரை மனதுக்குள் கொஞ்சம் மன்னித்துவைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை வண்டியே இல்லை. சனிக்கிழமை மதுரையில் யாரோ கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. நாத்தனார் முற்றத்தில் நின்று, ராத்திரியே வாறேன்னு சொன்னாவ மைனி என்று கையைப் பிசைந்தாள். அன்றைக்கு மில்லில் நூல் வாங்குகிறவர்கள் பரிசோதனைக் கூடத்தைப் பார்க்க வருகிறார்கள். வேறு வழியில்லாமல் பஸ் ஏறினேன். நாகர்கோவில் வரை நின்றுகொண்டே போனேன். இறங்கப் பார்த்தபோது இடுப்பு பூட்டிக்கொண்டது. இரண்டு பெண்கள் கக்கத்தில் கைகொடுத்து இறக்கி ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மேனேஜர் சத்தம் போடவில்லை. உங்களுக்கு முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், உள்ளூரில் ஒரு பெண் இருக்கிறாள், இன்னொரு தடவை இப்படி ஆனால் எனக்கும் வேறு வழி இருக்காது என்று பொறுமையாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் என் கணவர் தைலம் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே, "பேசாம வேலைய விட்டுரு, போதாதா இவ்வளவு நாள் போனது?" என்றார். அந்தக் கை என் இடுப்பில் இருந்த ஒரே காரணத்தால் தட்டிவிடவில்லை. நாளைக்கே உங்கள் தங்கச்சி வீட்டுக்குப் போகிறோம், வண்டியை என் பேருக்கு மாற்றுகிறோம், வரியும் நம்பரும் என்னவானாலும் ஆகட்டும் என்றேன். மறுநாள் அவரும் கூட வந்தார்.

அண்ணன் டீ வரவழைத்து, மதுரைக் கல்யாணத்துச் சாப்பாட்டை முதலிலிருந்து விவரித்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். நமக்குள் என்ன பேர் மாற்றம், பேர் யாருடையதாக இருந்தால் என்ன என்றார். அப்படியென்றால் என்னுடையதாக இருக்கட்டுமே என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் டீயைப் பார்த்தார். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்து முற்றத்துக்கு வந்தேன்.

நாத்தனார் பின்னாலேயே வந்தாள். கையில் ஈரத்துணி. அவள்தான் துடைக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரின் மேல் கை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"மைனி, வீடு அவிய அப்பா பேருல. எங்க வீட்டுல எனக்குத் தந்த எடத்த வித்துதான் அவிய கடை போட்டாவ. என் பேருல இந்த வண்டி மட்டும்தான் உண்டு."

சண்டைக்கு என்று நான் கொண்டுவந்திருந்த வார்த்தை எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இவ்வளவு நாள் இதை யாரிடமும் சொல்லாமல் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாளே என்று கோபம். என் கணவர்மேல் கோபம், உள்ளே டீ குடிக்கிறவர்மேல் கோபம். அவளுக்கு அது பேர், எனக்கு அது வேலை. இரண்டுக்கும் ஒரே வண்டி.

"பேரு ஒனக்கே இருக்கட்டும் மக்கா," என்றேன். "ஆனா எனக்கு வேலைக்குப் போணும். இன்னொரு நாள் வண்டி இல்லேன்னா என்னைய நிப்பாட்டிருவாங்க."

துணியை முறுக்கிப் பிழிந்து காரின் மேல் விரித்தாள். பிறகு உள்ளே போனாள். நானும் போனேன். சுவர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். மாற்றுச் சாவி அண்ணனின் சட்டைப்பையில் இருந்தது. அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அவர் ஏதோ விளையாட்டு என்று நினைத்து எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"இது என் வண்டியாக்கும். மைனிக்கு வேலைக்குப் போவக் குடுத்திருக்கேன். ஒங்களுக்கு வேணும்னா எங்கிட்ட கேளுங்க."

நிறுத்தாமல் கடைசிவரை சொல்லி முடித்தாள். அண்ணன் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. என் கணவர் முதல் தடவையாக டீயிலிருந்து தலையைத் தூக்கி, தங்கையைப் பார்த்து, "சரிதான்" என்றார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் இன்னும் வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி முற்றத்தில் சும்மாதான் நிற்கிறது, அவர் கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள், எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஒரு வார்த்தை கேட்டால் போதும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் கல்யாணம், வண்டி முற்றத்தில்தான் நின்றது. பட்டு வேட்டியும் கையில் பரிசுப் பொட்டலமுமாக அண்ணன் களியக்காவிளை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.