காதர் நானாவின் இருமல்

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் கட்டிக்கொடுத்த காதர் நானாவின் மகள்தான் போன் செய்தாள். "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாங்க. நெஞ்செல்லாம் கெட்டுப் போயிருந்துச்சாம். இத்தனை நாளா இருமியிருக்காரே, யாருமே கவனிக்கலையான்னு டாக்டர் கேக்குறார்." பதில் எனக்குத் தெரியும்.

தாமுவேயில் காதர் நானா வீட்டு முன்னறையில் படம் பார்த்த உங்களுக்கும் தெரியும். மின்சாரம் இருக்கிற ஞாயிறு மதியங்களில் கூடுவோம். கப்பலில் வேலை பார்த்த அவர் மச்சான் கொண்டுவரும் லண்டன் டிவி நகைச்சுவை வீடியோ நாடாக்கள்தான் போடுவார். அவரே டிவிக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்வார். பிள்ளைகளுக்காகப் பர்மியத்திலும் ஒரு வரி. கெட்ட வார்த்தை வந்தால் மட்டும் சொல்லமாட்டார், இருமுவார். பெண்களும் இருக்கிற அறை. அரைமணி நேரத்துக்கு ஒரு இருமல்தான் வரும். அதற்காகவே காத்திருந்து சிரிப்போம்.

ஒருமுறை ஒரு பழைய நாடாவில், முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய வெள்ளைக்காரன் தலையை ஆட்டி ஆட்டி இந்தியனாகப் பேசினான். நானா விடாமல் இருமினார்.

"கெட்ட வார்த்தையே வரலையே நானா?" என்றேன்.

"முழுக்க அதுதான் முருகேசு. பஸ்ஸுல இந்தியாக்காரன்னு நம்மளை ஏளனமா 'கலா'ன்னு கூப்பிடுறானுவளே, அதேதான்." நாடாவை வெளியே எடுத்துவிட்டார்.

பிறகு சிடி வந்தது. புது நிகழ்ச்சிகளில் அந்தச் சாயம் இல்லை, அந்த மட்டில் நிம்மதி. ஆனால் வாயைத் திறந்தால் வசவு. "முன்னெல்லாம் கோவம் வந்தா திட்டுவான். இப்ப குட்மார்னிங் சொல்றதுக்கே திட்டுறான்" என்று சலித்துக்கொள்வார். இளவட்டங்களுக்கு அதெல்லாம் அத்துப்படி. "இருமாதீங்க அங்கிள், எங்களுக்குத் தெரியும்" என்பார்கள். "உங்களுக்குத் தெரியுங்குறதுக்காக நான் சொல்லணுமா?" என்பார். இருமி இருமி மூச்சு வாங்கும். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

கடைசியாகக் கூடிய ஞாயிறன்று, திரையில் ஒரு கிழவர் பேசாமல் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நானா இருமினார். இருமல் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கிழவர் மனசுக்குள்ள திட்டுறாரா நானா?" என்று கேட்டேன். அறையே சிரித்தது. மூச்சு திரும்பியதும் அவரும் சிரித்தார். "ஆமா முருகேசு, பெரிய வார்த்தை."

அந்தச் சிரிப்பே எனக்குச் சலித்துவிட்டது. இப்போது டிவியில் யார் சிரித்தாலும் அணைத்துவிடுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பதில்தான். அவர் மகளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கவனிக்காமல் இல்லை, மகளே. ஒவ்வொரு இருமலுக்கும் சிரித்தோம்.