கடல் இடப்பக்கம் இருக்க வேண்டும்

என் கணவர் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். அங்கே ஒரு திருகைக் கழற்றுவதென்றாலும் முதலில் தாளில் எழுதி, இன்னொருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அப்படியே பழகிவிட்டார். அதனால் கடற்கரையோரமாகக் காரில் ஒரு பயணம் போய்வரலாம் என்று நான் சொன்னபோது, சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மடிக்கணினியைத் திறந்தார்.

பாடாங் செராயில் இருக்கும் எங்களுக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. பினாங்குக்குப் போவோம், கணுக்கால் நனைய நிற்போம், சாப்பிடுவோம், திரும்பிவிடுவோம். எனக்கு வேண்டியது அது இல்லை. சாலையும் கடலும் பக்கத்துப் பக்கத்தில் ஓட வேண்டும், நான் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நாளெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து, அடுத்தவர்களின் ரவிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு இது பெரிய ஆசை இல்லை.

முதல் திட்டம் கிழக்குக் கரைக்கு. கிரிக் மலைச்சாலை வழியாகக் கோத்தா பாரு, அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே. இரண்டு வாரம் உழைத்து அட்டவணை போட்டார். கழிவறைக்கு எங்கே நிற்பது, எத்தனை நிமிடம் நிற்பது என்பதுவரை அதில் இருந்தது. ஓரிடத்தில் ‘10.40 – கடல் பார்த்தல்’ என்றும் இருந்தது. அதைப் பெருமையாகக் கிளந்தான்காரரான தன் சக தொழிலாளியிடம் காட்டப்போய், முகம் தொங்க வீட்டுக்கு வந்தார்.

“டிசம்பர்ல அங்க மழைக்காலமாம். காடி வேணாம், போட் எடுத்துக்கிட்டுப் போன்னு சொல்லிச் சிரிக்கிறான்.”

எங்களுக்கு விடுப்பு கிடைப்பது டிசம்பரில்தான். ஆகவே திட்டம் நம்ம கெடா மாநிலத்தின் மேற்குக் கரைக்கே இறங்கியது. நெடுஞ்சாலையில் நேராக வடக்கே கோலா பெர்லிஸ் வரை போய், அங்கிருந்து கடலோரமாகக் கீழே இறங்குவது என்று மாற்றி எழுதினார். நான் கொஞ்ச நேரம் கையை இப்படியும் அப்படியும் திருப்பி யோசித்தேன்.

“என்னங்க, மேலேருந்து கீழ வந்தா கடல் வலப்பக்கம்தானே வரும்?”

“ஆமா.”

“அப்ப கடல் உங்களுக்கு. எனக்கு மட்டும் பெட்ரோல் நிலையமும் பலசரக்குக் கடையுமா?”

அவர் மடிக்கணினியை மறுபடி திறந்தார். பிறகு அட்டவணை முழுவதையும் தலைகீழாக்கினார். கீழிருந்து மேலே போனால் கடல் இடப்பக்கம்.

அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தார். என் கணவரின் அக்கா அவர். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, பிறகு செம்பனைத் தோட்டத்திலும் வேலை செய்து, ஓய்வு பெற்று எங்களோடு இருப்பவர். மரம் ஏறிய பாம்பையே கையால் இழுத்துப் போட்டவருக்குக் காரில் ஏறினால் மட்டும் வாந்தி வரும். சுங்கைப் பட்டாணிக்குப் போவதற்கே மடியில் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் வேண்டும்.

“நான் முன்னாடிதான் உட்காருவேன். பின்னாடி உட்கார்ந்தா என்னால முடியாது, சொல்லிட்டேன்.”

முன்சீட்டு போயிற்று. பின்சீட்டில் இடப்பக்க சன்னல் எனக்கு என்று ஒப்பந்தமானது. அதையும் கணவர் அட்டவணையில் ஏற்றினார்.

ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். சுங்கைப் பட்டாணியில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் பசியாறினோம். பசியாறியது நானும் கணவரும்தான்; அண்ணி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி எங்கள் ரொட்டி சானாயை விரோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து கோத்தா கோலா மூடா வழியாகப் பந்தாய் மெர்டேக்கா. சவுக்கு மரங்களுக்குப் பின்னால் கடல் தெரிந்ததும் நான் கண்ணாடியை இறக்கினேன். கடல் இடப்பக்கம்தான் இருந்தது. எல்லாம் சரியாக நடந்தது அதுவரைக்கும்தான்.

சாலை ஒரு படகுத்துறையில் போய் முடிந்தது. எதிரே, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, ஆற்று முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் தஞ்சோங் டாவாய். அங்கேதான் நாங்கள் அடுத்துப் போக வேண்டும். அட்டவணையில் அதற்கு எட்டு நிமிடம்.

கணவர் வண்டி நிறுத்துமிடத்தை ஒருமுறை சுற்றினார். இன்னொரு முறையும் சுற்றினார்.

“என்னடா தேடுற?” என்றார் அண்ணி, பையை வாயருகே வைத்துக்கொண்டு.

“பாலம்.”

படகுத்துறையில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெரியவரிடம் இறங்கிப் போய்க் கேட்டார். அவர் சிரிக்காமல்தான் பதில் சொன்னார். பாலம் கிடையாது. படகு உண்டு, ஆள் ஏறலாம், மோட்டார் சைக்கிள் ஏறலாம். “கெரெத்தா தா போலே லா,” என்று எங்கள் காரைக் காட்டிக் கையை ஆட்டினார். கார் போக வேண்டுமென்றால் வந்த வழியே சுங்கைப் பட்டாணிக்குத் திரும்பி, முழு வட்டம் அடித்து வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. வரைபடத்தில் புள்ளி புள்ளியாக இருந்த படகு வழியைத்தான் இவர் பாலம் என்று நினைத்து எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்.

நான் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியும் பையை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

“சிரிங்க, சிரிங்க. பேசாம வீட்டுக்கே போயிடலாம்,” என்று கணவர் காரில் ஏறிக் கதவை அறைந்தார். அந்தச் சத்தம் எனக்கு உறைத்தது. ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியது எனக்காகத்தானே.

அண்ணி இறங்கி, எலுமிச்சம்பழத்தை முன்சீட்டில் வைத்தார். பையை மடித்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“நீ சுத்திட்டு வா தம்பி. நாங்க போட்ல போறோம். அங்க பார்க்கலாம்.”

“அக்கா, உனக்குக் காடியிலயே ஒத்துக்காது. போட்ல ஏறி என்னா செய்யப் போற?”

“அதை நான் பார்த்துக்குறேன் லா. நீ போ.”

எங்களோடு படகில் ஒரு மோட்டார் சைக்கிளும், துணி மூடிய புறாக்கூண்டை மடியில் வைத்திருந்த ஒருவரும் ஏறினார்கள். அண்ணி நேராக முனைக்குப் போய் உட்கார்ந்தார். படகு நடு ஆற்றுக்குப் போனதும் கடலிலிருந்து வந்த அலை எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அண்ணி, எனக்கு எலுமிச்சம்பழம்...” என்றேன்.

“அது காடியில இருக்கே!” என்று திரும்பிப் பார்த்துச் சொன்ன அவர் முகத்தில் வாந்தியின் சாயல்கூட இல்லை. முந்தானையைக் காற்றில் பறக்கவிட்டு, திருவிழாத் தேரைப் பார்ப்பது போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தஞ்சோங் டாவாயில் இறங்கி நான் ஒரு பெஞ்சில் சாய்ந்தேன். அண்ணி இறால் மீ நூடுல்ஸ் இரண்டு தட்டு வாங்கி, என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டார். நெத்திலிக் கருவாடு ஒரு பெரிய பை வாங்கினார். பிறகு அதை என் காலடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

“தம்பி வர நேரம் ஆகும்ல? இன்னொரு தடவை போயிட்டு வந்துடுறேன்.”

“எங்க?”

“அந்தப் பக்கம். சும்மாதான்.”

நான் தடுப்பதற்குள் படகில் ஏறிவிட்டார். கருவாட்டுக்குக் காவலாக நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

கணவர் வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வழியில் சந்தைக்கூட்டத்தில் வேறு மாட்டிக்கொண்டாராம். திட்டுவதற்குத் தயாராகவே வந்தவர், என்னைத் தனியாகப் பார்த்ததும் பதறினார்.

“அக்கா எங்க?”

நான் தண்ணீரைக் காட்டினேன். நடு ஆற்றில் படகின் முனையில் ஒரு நீலப் புடவை. எங்களைக் கண்டதும் அண்ணி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். ஏதோ கத்தவும் செய்தார். இயந்திரச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. கணவர் அப்படியே நின்றார். கோபம் போய்விட்டது என்று அவர் தோள் இறங்கியதிலேயே தெரிந்தது.

“இது எத்தனாவது தடவை?”

“எனக்குத் தெரிஞ்சு மூணாவது.”

அதற்குப் பிறகு அட்டவணையை யாரும் எடுக்கவில்லை. ஜெராய் மலை வலப்பக்கம் துணைக்கு வர, யான் வழியாக வடக்கே போனோம். உண்மையைச் சொன்னால் கடல் பாதி நேரம் கண்ணிலேயே படவில்லை. தென்னை மறைத்தது, வீடுகள் மறைத்தன, வயல்கள் நடுவே புகுந்தன. தெரியும் இடமெல்லாம் நிறுத்தச் சொன்னேன். படகுத்துறை வந்த இடமெல்லாம் அண்ணி நிறுத்தச் சொன்னார். “இங்க போட் எங்க போகுது?” என்று இறங்கிப்போய் விசாரித்தார். எங்கும் போகாது, மீன் பிடிக்கத்தான் போகும் என்ற பதிலைக் கேட்டு வருத்தத்தோடு திரும்பி வந்தார். காரெல்லாம் கருவாட்டு வாடை. அதிலும் அண்ணிக்கு வாந்தி வரவில்லை. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டாத குறையாக வந்தார்.

கோலா சங்லாங் பக்கம் ஒரு கோரெங் பீசாங் கடையில் நிறுத்தியபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல் தட்டையாகக் கிடந்தது. வாழைப்பழப் பொரியல் வருவதற்குள் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். நாள் முழுக்க ஓட்டியவர் அவர்தான். சூரியன் தண்ணீரைத் தொடப்போகும்போது நான் எழுப்பப் போனேன்.

“விடு, தூங்கட்டும். போட்டோ புடிச்சுக் காட்டலாம்,” என்று அண்ணி என் கைப்பேசியை வாங்கினார்.

கணவர் எழுந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. படத்தைக் காட்டினோம். பாதிக்கு மேல் அண்ணியின் கட்டைவிரல், ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சம் வானம். அவர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“நல்லாதான் இருக்கு,” என்று சொல்லி, ஆறிப்போன கோரெங் பீசாங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.