மலைத் தண்ணீருக்கு நான் கொடுத்த சான்றிதழ்

போன சனிக்கிழமை காலையில் ஒரு பொய் சொன்னேன். சொல்லும்போது அது பொய் என்று எனக்கே தெரியாது என்பதுதான் விசேஷம்.

வீட்டில் விருந்தாளிகள். என் பழைய சிநேகிதர் ஒருவரின் மகள் ஷர்மிளா, அவள் கணவர், எட்டு மாதக் கைக்குழந்தை. கொழும்பிலிருந்து வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார்கள். கணவர் நண்பர்களோடு சிவனொளிபாத மலை ஏறுவதற்காக மஸ்கெலியா பக்கம் புறப்பட்டுவிட்டார். தாயும் பிள்ளையும் இந்த மலையூர் ஹட்டனில் எங்களோடு தங்கினார்கள்.

காலையில் ஷர்மிளா காலிப் பால் போத்தலும் கையுமாகக் குசினிக்குள் வந்தாள்.

“அங்கிள், இந்த பைப் தண்ணிய அப்படியே குடிக்கலாமா? பாப்பாவுக்குப் பால்மா கரைக்கணும்.”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கலாமா? அதுவும் கொழும்பிலிருந்து வந்த ஒருத்தி?

“என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? இது நேரா மலையில இருந்து வர்ற தண்ணி. ஒங்க ஊருத் தண்ணி மாதிரி மருந்து வாட அடிக்காது. பயப்படாம புள்ளைக்குக் குடு.”

அதோடு விட்டேனா? மேலே தேயிலைக்குள் ஊற்று இருக்கும் கதை, ஏழு வீட்டுக்காரர்கள் சேர்ந்து அங்கே தண்ணீர் தேக்கத் தாங்கி கட்டிய கதை, அங்கிருந்து குழாய் இழுத்த கதை... எல்லாவற்றையும் சொன்னேன். ஷர்மிளா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்க அங்கிள்” என்றாள். நான் பெருமையோடு பேப்பர் வாங்கக் கிளம்பினேன்.

இத்தனைக்கும் கொழும்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகத் தண்ணீர்ப் போத்தல் வாங்குகிற ஆள் நான். அங்கே தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள் என்பது தெரியும். ஆனாலும் மலையில் பிறந்தவனுக்கு ஒரு திமிர் இருக்கிறதே... அது லேசில் போகாது.

எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்க நிறையப் படிகள். பாதியில் சிவலிங்கம் எதிரே வந்தார். அந்த ஏழு வீட்டுக்காரர்களில் ஒருவர். எல்லோருக்குமாகத் தாங்கியைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். தோளில் மண்வெட்டி, முழங்கால் வரை சேறு.

“ராத்திரி மழையில மேல மண்ணு சரிஞ்சி கெடக்குங்க. தாங்கிக்குள்ளயும் கொஞ்சம் எறங்கியிருக்கு. நாளைக்குத் தெறந்து கழுவிருவோம்.”

“அப்ப இன்னைக்குக் குடிக்கிறதுக்கு?”

“அதுக்கென்னாங்க? யாரு பச்சத்தண்ணி குடிக்கிறா? எப்புடியும் கொதிக்க வச்சுத்தானே குடிக்கிறோம்.”

மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அதே படியில் நின்றுவிட்டேன்.

உண்மைதானே? விடிந்ததும் சாயத்தண்ணி, அதாவது பால் ஊற்றாத தேத்தண்ணி. பத்து மணிக்கு இன்னொன்று. சாப்பிட்டதும் கேத்தலில் கொதித்து ஆறிய தண்ணீர் வெதுவெதுப்பாக ஒரு கிளாஸ். இந்தக் குளிரில் பைப்பைத் திறந்து யார் அப்படியே குடிக்கிறார்கள்? நான் கடைசியாகக் குடித்தது எப்போது? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ருசி பார்க்காத தண்ணீருக்குத்தான் இத்தனை வருடமும் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எட்டு மாதக் குழந்தை. என் போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது. மனைவி பரமேஸ்வரி கோயிலுக்குப் போயிருக்கிறாள். ஓடுகிற வயதில்லை, ஆனாலும் அந்தப் படிகளில் ஓடினேன். பயமாக இருந்தது. குழந்தைக்கு ஏதாவது ஆனால் என் சிநேகிதரின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வாசலுக்கு வந்தபோது ஷர்மிளாவின் மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. போத்தலில் பாதி காலி.

“அம்மா... அந்தத் தண்ணி...” எனக்கு மூச்சு வாங்கியது. “நான் சொன்னது தப்பும்மா. தாங்கிக்குள்ள மண்ணு எறங்கியிருக்காம்.”

அவள் பதறவில்லை. “ஒக்காருங்க அங்கிள். இது கொதிக்க வச்சு ஆறவச்ச தண்ணிதான்.”

“ஆன்ட்டி சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல. நேத்து வந்ததுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க ரெண்டு பேருமே ஒரு வாட்டிகூட பைப்ல புடிச்சுக் குடிக்கல. தேத்தண்ணி, இல்லாட்டி கேத்தல் தண்ணி. அதான் நானும் கேத்தல வச்சேன்.”

“அப்ப எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க அவ்வளவு சந்தோஷமாச் சொன்னீங்க. எப்படி வேணாம்னு சொல்றது?”

நிம்மதி ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். குழந்தை மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் மீதிப் பாலை முடித்தது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது — இங்கே பைப் தண்ணீர் குடிக்கலாமா? அவர்கள் கேட்பது தண்ணீரைப் பற்றி. நம் காதில் விழுவதோ நம் வீட்டைப் பற்றிய, நம் மலையைப் பற்றிய ஒரு சந்தேகம். உடனே ரோஷம் வந்துவிடுகிறது. “தாராளமாகக் குடிக்கலாம்” என்று வாய் முந்திக்கொள்கிறது. அதனால் பயணம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள், மரியாதையாகத் தலையாட்டுங்கள். ஆனால் அவர் எதைக் குடிக்கிறார் என்று ஷர்மிளாவைப் போல ஒரு நாள் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கியைக் கழுவ நானும் போனேன். மண்ணை அள்ளி, தேய்த்து, மூடியை இறுக்கிவிட்டு வந்தோம். நடந்ததை எல்லாம் கேட்டிருந்த பரமேஸ்வரி சாயங்காலம் பைப்பைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து என் கையில் கொடுத்தாள்.

“ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, இப்ப நீங்க குடிங்க பாப்போம்.”

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை. உதடு வரை கொண்டுபோனேன்...

பிறகு கேத்தலில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தேன்.