பிளாஸ்டிக் பிரிக்காத புத்தகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். சுற்றிலும் பனிமூட்டம், ஆளுக்கொரு முனிக்கதை. ஆனால் என் கண்ணில் ஒரு நாள்கூட எதுவும் பட்டதில்லை. அப்படிக் கதை விடுகிறவர்களைக் கேலி செய்தே பெயர் வாங்கியவள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நான் வேலை செய்வது மலைமேல் டவுனில் இருக்கும் பெரிய புத்தகக் கடையில். பெயர் வேண்டாம், நாடு முழுக்கக் கிளை உள்ள கடை. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு, இந்தக் குளிரிலும் ஏர்கண்டிஷன், எல்லாம் உண்டு. கேஷியராகச் சேர்ந்தேன், இப்போது சூப்பர்வைசர். எங்கள் லயத்திலிருந்து போய் இப்படிப்பட்ட கடையின் சாவியைக் கையில் வைத்திருக்கும் முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குத் துளியும் வெட்கமில்லை.

அதைவிடப் பெருமை, கடையின் பின்மூலையில் இருக்கும் தமிழ் ரேக். மேலிடத்தை நச்சரித்து நச்சரித்து நான் வாங்கியது. கூட வேலை செய்யும் அய்னா மலாய்ப் பெண், தங்கமான பிள்ளை, தமிழ் தெரியாது என்பதால் பாதிப் புத்தகங்களைத் தலைகீழாக அடுக்கிவிடுவாள். நான் போய் நிமிர்த்தி வைப்பேன். லீவு நாட்களில் லெம்பா பெர்த்தாமிலிருந்து காய்கறித் தோட்டக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள், எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காமார்களும் வருவார்கள். அக்காமார்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். சுற்றுலா வந்தவர்கள் அந்தச் செருப்புகளைத் தாண்டித் தாண்டி உள்ளே வருவார்கள். நான் யாரையும் தடுத்ததில்லை. புத்தகத்துக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஆட்கள்.

அவர்களுக்கு ஒரே குறை, பிளாஸ்டிக். எங்கள் கடையில் புத்தகம் எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டித்தான் வரும், வாங்குகிறவர்தான் பிரிக்க வேண்டும். அவர்களில் காளியம்மா அக்கா ஒரு முறை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா செல்வி, எல்லாத்தையும் இப்படிச் சுத்தி வச்சா உள்ள என்னா எழுதியிருக்குன்னு எப்படிலா தெரியும்? துணிக்கடைல கூட விரிச்சுப் பாக்க விடுறான்."

"கடைச் சட்டம்கா. நான் என்னா செய்யிறது?"

"அப்போ அட்டையை மட்டும் படிச்சிட்டுப் போறேன்," என்று சொல்லி அட்டையைச் சத்தம் போட்டுப் படித்தார். எங்கள் தோட்டத்துப் பள்ளியில் படித்தவர்கள் எல்லோருமே வாய்விட்டுத்தான் படிப்போம். வரி முடிகிற இடத்தில் ஓர் இழுப்பு இழுப்போம். அந்த ராகத்தை வேறு எங்கேயும் நான் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஈப்போவிலிருந்து ஏரியா மேனேஜர் மிஸ்டர் லிம் வந்திருந்தார். வந்த காரணம் எனக்குத் தெரியும். தமிழ் ரேக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் வாங்கும் ஸ்ட்ராபெரி வடிவத் தலையணை அடுக்கலாமா என்று பார்க்க. அன்று பார்த்து மழை, அவர் ஏறி வந்த பின்னாலேயே மலை ஏறும் தாப்பா ரோட்டில் மண்சரிவு, அதற்கப்புறம் மேலே வண்டியே வரவில்லை. காலையிலிருந்து கடையில் ஈ காக்கை இல்லை. மத்தியானம் பனி இறங்கி எதிர்க்கடை போர்டுகூடத் தெரியவில்லை. அய்னா சாப்பாடு வாங்கப் போனாள். நானும் மிஸ்டர் லிம்மும் ஸ்டோர் ரூமில் சரக்கைப் பார்த்துவிட்டுக் கவுண்டருக்கு வந்தோம்.

"செல்வி, கோபித்துக்கொள்ளாதே," என்று மலாயில் ஆரம்பித்தார். "இந்தப் புத்தகங்களை இங்கே யார் படிக்கிறார்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. இருட்டு என்றால் முழு இருட்டு இல்லை, கண்ணாடி வழியாக வெள்ளையாய்க் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. பின்மூலைதான் கறுத்துக் கிடந்தது. நம்பினால் நம்புங்கள், அந்த மூலையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. தமிழ். யாரோ எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். வரி முடியும்போது அதே இழுப்பு.

"மழை விட்ட... பிறகு... அவள் துணிகளை எல்லாம்... கொடியில் உலர்த்தினாள்..."

மிஸ்டர் லிம் திரும்பிப் பார்த்தார். "யாரது?"

"கஸ்டமர்," என்றேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நாங்கள் ஸ்டோரில் இருந்தபோது நம் தோட்டத்து அக்கா யாரோ உள்ளே வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கடவுளே அனுப்பிய மாதிரி அல்லவா! மிஸ்டர் லிம் கைபேசியில் விளக்கைப் போடப் போனார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எங்கள் அக்காமார்கள் கூச்ச சுபாவம், யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். நான் மட்டும் பூனை மாதிரி நடந்து ரேக்குக்கு இந்தப் பக்கம் போய் நின்றேன். அந்தப் பக்கம் குரல். ஈரக் கம்பளி வாசனை மூக்கில் ஏறியது.

படித்துக்கொண்டே வந்த குரல் ஓர் இடத்தில் நின்றது. "ம..." என்றது. மறுபடியும் "ம..." என்றது. மேலே ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை திக்கினால் எடுத்துக் கொடுப்போம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் என் வாய் தானாகச் சொன்னது.

"மரகதவடிவு."

"ஆங்... மரகதவடிவு!" என்றது குரல், அவ்வளவு சந்தோஷமாக. அப்புறம் தடையில்லாமல் ஓடியது. அந்தச் சந்தோஷத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிஸ்டர் லிம் கவுண்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு சொல்லும் புரியாமல், கோயிலில் உட்கார்ந்த மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்தது. குரல் பாதி வரியில் நின்றது. "அக்கா, லைட் வந்துருச்சு, உக்காந்து படிங்க, நாற்காலி போடுறேன்," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் போனேன்.

யாருமே இல்லை.

எல்லாப் புத்தகமும் ரேக்கில் இருந்தது. ஒன்றின் பிளாஸ்டிக்கும் பிரியவில்லை. நாங்கள் இருவரும் ஸ்டோர், டாய்லட், மேசைக்கு அடியில் என்று ஒன்று விடாமல் தேடினோம். அப்போதுதான் கண்ணாடிக் கதவு திறந்து அய்னா நனைந்துகொண்டு உள்ளே வந்தாள். கரண்ட் போனதும் கதவு சிக்கிக்கொண்டதாம், அது திறக்கும்வரை வாசலிலேயே சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நின்றிருக்கிறாள். ஒரு ஆளும் வெளியே வரவில்லை என்றாள். எங்கள் கடைக்கு வேறு வழியும் கிடையாது.

மிஸ்டர் லிம் போகும்போது சொன்னார், "ரேக் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைப் பிரித்து வை. இருட்டிலும் படிக்கிற கஸ்டமர் உனக்கு இருக்கிறார்." இன்றுவரை அந்த ரேக்கை யாரும் எடுக்கவில்லை. இப்போது ரேக் இரண்டாகிவிட்டது, ஸ்ட்ராபெரித் தலையணை மாடிப்படி ஓரத்தில் கிடக்கிறது. எங்கள் ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறார்கள். மலைமேல் வேறு எந்தக் கடையில் இந்தக் காட்சி உண்டு, சொல்லுங்கள்!

காளியம்மா அக்காவிடம் கேட்டேன். "நான் எங்கம்மா வந்தேன்? காய்ச்சல்ல படுத்துக் கிடந்தேன். பெரட்டுக்கே போகலலா," என்றார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கே அன்று அவர் போகவில்லை. மற்ற அக்காமார்களும் மழைக்குப் பயந்து டவுன் பக்கமே வரவில்லை.

சில நாள் கழித்து மிஸ்டர் லிம் சொன்னபடி பிளாஸ்டிக் பிரிக்க உட்கார்ந்தேன். கரண்ட் போன அந்த வாரம்தான் ரேக்குக்கு வந்திறங்கிய ஒரு சிறுகதைப் புத்தகம். பிரித்துப் புரட்டுகிறேன், மழை விட்ட பிறகு அவள் துணிகளை எல்லாம் கொடியில் உலர்த்தினாள் என்று இருக்கிறது. கீழே கண்ணை ஓட்டினால் அடுத்த பத்தியில் அந்தப் பெயர். மரகதவடிவு.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். அந்தப் புத்தகத்தை அதற்கு முன் நான் படித்ததில்லை. பின் அட்டையில் எழுத்தாளர் படமும் விலாசமும்தான் இருக்கிறது. அப்படிப் பெயருள்ள ஒருத்தியை எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, லயத்தில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியாது. என் காதில் விழுந்தது "ம" என்ற ஒரே எழுத்து. மல்லிகா என்று சொல்லியிருக்கலாம், மனைவி என்று சொல்லியிருக்கலாம், மறுநாள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் யோசிக்கவே இல்லை, வாய் சொல்லிவிட்டது.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும், அன்றைக்கு அங்கே நின்று படித்தது யார் என்றுதான் என்னைக் கேட்கிறார்கள். படித்தவர் யாராகவும் இருந்துவிட்டுப் போகட்டும், நம் ஆள்தான், என்றைக்கு வந்தாலும் நாற்காலி போடுவேன். எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அது இல்லை. அன்றைக்கு என் வாயில் வந்து எடுத்துக் கொடுத்தது யார்?