சிவக்காத தக்காளி

பர்மிங்காமில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் விளையும் தக்காளியைக் கண்ணால் பார்த்துப் பறிக்க முடியாது. கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். காயிலேயே கத்தரிக்காய் போல ஊதா, பழுத்த பிறகும் அதே ஊதா. விரலால் அழுத்தி, மெத்தென்றிருந்தால் பறிக்க வேண்டும். நாற்று கொடுத்த பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். தொடக்கூடாது என்கிறார் போல என்று நினைத்து, முதல் வருடம் பாதிப் பழங்களை உதிரவிட்டேன்.

எண்பத்து நான்கில் அந்த விதைகளைக் காகிதத்தில் மடித்து, நாமகிரிப்பேட்டையில் இருந்த அம்மாவுக்குக் கடிதத்தோடு அனுப்பினேன். 'சின்னப் பழம், நல்ல இனிப்பு' என்று எழுதினேன். நிறத்தைப் பற்றி எழுதவில்லை. பார்த்து ஆச்சரியப்படட்டும் என்றிருந்தேன்.

அடுத்த மாசியில் தந்தி வந்தது. டிக்கெட் கிடைத்து, மெட்ராஸில் இறங்கி, சேலத்தில் பஸ் மாறி வீடு சேர்ந்தபோது அம்மாவை எரித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பயணக் களைப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை நாத்தனாரான என்னை நங்கை என்று கூப்பிடும் தம்பி மனைவி சரசு கிணற்றடிக்கு அழைத்துப்போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஆறு தக்காளிச் செடிகள். அடியில் வெடித்து அழுகிய ஊதாப் பழங்கள்.

"அத்த தெனமும் ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துனாங்க, நங்கை. எங்களை ஒண்ணுகூடத் தொட உடலீங்க. இன்னுஞ் செவக்குல, செவந்தாப் பறிக்கலாம்னே சொல்லிட்டு இருந்தாங்க. உழுந்ததெல்லாம் பூச்சி புடிச்சதுன்னு நெனச்சோமுங்க."

"அம்மா ஒண்ணாச்சும் தின்னாங்களா?"

"இல்லீங்க."

ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த நினைப்பு வந்தது. யாருக்கோ நடந்ததைக் கேட்பது போல நின்றிருந்தேன். ஒன்றை அழுத்திப் பார்த்துப் பறித்து வாயில் போட்டேன். இந்த வெயிலுக்குத் தோல் தடித்திருந்தது. அங்கே இருந்த இனிப்பு இல்லை. நம் நாட்டுத் தக்காளியின் புளிப்பும் இல்லை. சரசுவிடம் ஒன்றை நீட்டினேன்.

"பழுத்துருச்சுங்களா?"

"இது இப்படித்தான் சரசு. எப்பவோ பழுத்துருச்சு."

அவள் பழத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடியே நின்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான்தான் தோளைப் பிடித்துத் தேற்றினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மறுபடி எப்பங்க கெளம்பறீங்க?"

"காரியம் முடிஞ்சதும், வெள்ளிக்கெழமை ஊருக்குப் போறேன்."

பர்மிங்காம் போன இந்தப் பத்து வருடத்தில் நாமகிரிப்பேட்டையைத் தவிர வேறெதையும் நான் ஊர் என்று சொன்னதில்லை. சரசு அதைக் கவனிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் அங்கேயே நின்றேன்.