பட்டப்பகலில் விளக்கு கேட்ட அக்கா

மாநில எல்லையைப் பிரித்ததில் திருத்தணி மதராஸ் பக்கம் போய், புத்தூரை ஒட்டிய எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுபோன வருஷம் அது. ஊரெல்லாம் அதே பேச்சு. எங்கள் வீட்டிலோ அக்காவின் தலைப்பிரசவம். காலையில் பெண் குழந்தை பிறந்தது. அம்மா இல்லாத வீடு என்பதால் நைனாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தைதான், கூட இருந்து பார்த்தாள். அத்தை சொன்னால் அப்பீலே கிடையாது. நைனாவே வாய் திறக்கமாட்டார்.

குழந்தையைக் கழுவித் துணியில் சுற்றிய பிறகும் அக்காவுக்கு ரத்தம் நிற்கவில்லை. நான்தான் துணி மாற்றி மாற்றிப் போட்டேன். பயந்துபோய்ச் சொன்னதற்கு அத்தை, "அழுக்கு ரத்தம்டி அது. போறது நல்லது. உள்ள நின்னாத்தான் வம்பு" என்றாள். அக்கா தண்ணீர் கேட்டாள். கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டாள். "பச்ச ஒடம்புக்குத் தண்ணி ஆவாது, வயிறு ஊதிக்கும்" என்று அத்தை ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டதோடு சரி. எங்கள் பக்கத்தில் அதுதான் சட்டம்.

உச்சி வேளையில் அக்கா தண்ணீர் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். "அசந்து தூங்கறா, எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு அத்தை பிரசவ மருந்து இடிக்கப் போனாள். நான் அக்காவின் கையைத் தொட்டேன். சில்லென்று வேர்த்திருந்தது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், கதவும் திறந்தே கிடந்தது. அப்போது அக்கா கண்ணைத் திறந்து, "ஏன்டி இவ்ளோ இருட்டா கீது? வெளக்கு ஏத்தேன்டி" என்றாள்.

"நைனா! அக்காவுக்குக் கண்ணு தெரில!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. குறுக்கே வந்த அத்தையிடம் நைனா, "அக்கா, நீ சும்மா இரு. எம் பொண்ணு போய்க்கினு கீறா" என்று கத்தினார். கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, திருப்பதி பஸ்ஸை மறித்தோம். டிரைவர் பின் சீட்டைக் காலி செய்யச் சொல்லி, வழியில் எங்கும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் விட்டார். தங்கள் ஊர் தாண்டிப் போனதே என்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்த மவராசன் யாரோ, அவர் குலம் நன்றாக இருக்கட்டும்.

லேடி டாக்டர் அக்காவின் கையில் பட்டையைச் சுற்றிப் பந்தை அமுக்கினார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறியது, இறங்கியது. காதில் குழாயோடு கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் மாறியது. மறுபடி ஏற்றினார். அதுவும் ஒரு சத்தமும் கேட்காமல் அடிவரை இறங்கிவிட்டது. "பி.பி. லேதம்மா" என்றார். பிரஷரே இல்லாமல் மனுஷி உயிரோடு இருப்பாளா? கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். ஒரு கையில் சலைன், மறு கையில் நைனாவின் ரத்தம். நடந்ததை நான் சொல்லச் சொல்ல, டாக்டர் தெலுங்கை விட்டுத் தமிழுக்கு வந்தார். "இவ்ளோ ரத்தம் போற பொண்ணுக்குக் குடிக்கத் தண்ணியும் குடுக்கலையா?" கூடவே வந்திருந்த அத்தை அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாயும்போதுதான் டாக்டர் காதிலிருந்து குழாயை எடுத்து, "இப்போ கேக்குது" என்றார். அக்கா பிழைத்தாள். நைனா திருமலைக்கு நடந்தே போய் முடி கொடுத்தார். அதோடு கண்டம் கழிந்தது என்று நினைத்தோம்.

ஆனால் அக்காவுக்கு ஒரு சொட்டுப் பால் சுரக்கவில்லை. குழந்தை பசும்பாலில்தான் வளர்ந்தது. மாதவிலக்கும் திரும்ப வரவேயில்லை. முடி கொட்டியது. சித்திரை வெயிலிலும் குளிருகிறது என்று போர்த்திக்கொள்வாள். ரெண்டு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்துவிடுவாள். மாமியார் வீட்டில் அவளுக்கு வைத்த பேரே சோம்பேறி.

அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில்தான் வேலூரில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். பிரசவத்தன்று பிரஷர் விழுந்து கிடந்த நேரத்தில், மூளைக்கு அடியில் பயறு அளவில் இருக்கிற ஒரு சுரப்பி ரத்தம் கிடைக்காமல் செத்துப்போய்விட்டதாம். பால், மாதவிலக்கு, உடம்புச் சூடு, தெம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் அதிகாரியாம். இனி ஆயுசுக்கும் மாத்திரை என்றார். ஒரு மத்தியானம் இத்தனையையும் தின்றுவிட்டதா என்று இருந்தது எனக்கு. அக்கா அழக்கூட இல்லை. "அப்போ நான் சோம்பேறி இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் சாவைத் தொட்டுத் திரும்பிய அந்த நாளைவிட, பிழைத்து வந்தவளை ஆளாளுக்கு ஏசிய அத்தனை வருஷங்களை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.